ஜோதிகாவைப் படிக்க வைத்தவர்

பரீட்சைக் காலத்தில் மட்டும் வெளியே வந்து நடமாடுகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. மாணவர்களைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாணவர்கள் பாவம், சாதுவான பிராணிகள். ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்தபடி தூங்குவார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்வது, அந்த மாணவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் செல்போனும் மறு கையில் பாதாம் கிண்ணமுமாக, பிள்ளை பக்கத்தைத் திருப்பினால் ஏன் திருப்பினாய் என்றும், திருப்பாவிட்டால் ஏன் திருப்பவில்லை என்றும் கேட்டுக்கொண்டிருப்பாரே, அவரை. அவருக்குப் படிக்க வைக்கிறவர் என்று பெயர். படிப்பது பிள்ளை, வியர்ப்பது இவருக்கு. அப்பாவாக, அம்மாவாக, பெரியப்பாவாக, மாடிவீட்டில் ஓய்வுபெற்ற அதிகாரியாக எந்த வடிவத்திலும் இவர் வருவார். இவர் வந்து உட்கார்ந்த வீட்டில் ஒரு பிள்ளை படித்துத் தேறிவிட்டால், அது அந்தப் பிள்ளையின் கெட்டித்தனம்.

இந்த இனத்தில் பழுதில்லாத மாதிரி ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் உங்களைத் திருவொற்றியூர்க் குப்பத்துக்குத்தான் அழைத்துப்போக வேண்டும். அங்கே அடுக்குக் குடியிருப்பின் முதல் மாடியில் மனோகரன் இருக்கிறார். காசிமேட்டில் குமாரவேல் என்பவரின் விசைப்படகை ஓட்டுகிற டிரைவர். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். அந்தப் பத்து மாதமும் அவரால் யாருடைய படிப்புக்கும் ஆபத்தில்லை. மீதி இரண்டு மாதம்தான் சிக்கல். சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கிறது. மீன்களுக்கு நிம்மதி. மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் நிம்மதியைப் பற்றி எந்த அரசாங்கமும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தடைக்காலத்தில் அங்கே ஒரு வழக்கம். படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, என்ஜினைப் பிரித்து மாட்டி, மேலே புதிதாக வர்ணம் பூசுவார்கள். கடல் இல்லாத நாள் என்றால் ரிப்பேர் நாள். மனோகரனின் ரத்தத்தில் ஊறிய சட்டம் இது. ஆனால் இந்த வருஷம் குமாரவேல் அந்த வேலையை ஒரு பட்டறைக்கு மொத்தமாக விட்டுவிட்டார். மனோகரனின் கை சும்மா இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரவேண்டும்? மகள் ஜோதிகா இயற்பியலில் மட்டும் பெயில்.

மற்ற பாடம் எல்லாவற்றிலும் பாஸ். அவர் கடலில் இருந்த நாளில், யாரும் எதிரே நாற்காலி போடாமல், அவளாகவே படித்துப் பாஸ். இதை யாராவது மனோகரனிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

"நான் கூட இல்லாததாலதான் இப்டி ஆச்சு" என்றார் மனைவி மங்கம்மாவிடம். "துருப்புடிச்ச போட்டையே ரெண்டு மாசத்துல புச்சா ஆக்குறோம். எம் பொண்ணை ஆக்க மாட்டனா?"

ஜூன் கடைசியில் துணைத் தேர்வு. அதில் தேறினால் இந்த வருஷமே லேப் டெக்னீசியன் படிப்பில் சேரலாம். தேறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. போகிற வருஷம் சும்மா போகாது. இறால் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தை, "வூட்ல சும்மாதான கீது, எறா உரிக்க அனுப்பேன்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிப்போன அத்தையின் விரல்களை ஜோதிகா பார்த்திருந்தாள். ஆகவே அந்தப் பெண்ணுக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை, வெறி, பயம் எல்லாமே இருந்தது. குறையாக இருந்தது ஒன்றுதான்: அப்பா அவளை விடவில்லை.

முதல் ரிப்பேர், மேசை. தரையில் குந்திப் படித்தால் முதுகு வளைந்து, மூளைக்கு ரத்தம் ஏறாது என்று செல்போனில் கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லியிருந்தார். மனோகரன் படகுத் தச்சரைப் பிடித்து, மீந்த பலகையில் ஒரு மேசை அடித்தார். அதற்குப் போன வருஷம் படகுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட்டைப் பூசினார், ஒன்றுக்கு இரண்டு பூச்சு. கடல் காற்றில் அந்தப் பெயின்ட் தனக்குத் தோன்றியபோதுதான் காயும்.

"நைனா, படிக்கட்டுமா?" என்பாள் ஜோதிகா.

"இரு கண்ணு, மேசை காயட்டும்."

காய்ந்துவிட்டது என்று அவர் தீர்ப்புச் சொன்ன அன்று அவள் உட்கார்ந்தாள். புத்தகத்தை எடுத்தபோது அதன் பின்னட்டை மட்டும் வரவில்லை. இன்றைக்கும் அது அந்த மேசையில்தான் இருக்கிறது.

அடுத்தது கால அட்டவணை. படிக்க வைக்கிறவர் எவருக்கும் இது கல்யாணப் பத்திரிகை அடிப்பது போன்ற வைபவம். சார்ட் வாங்கி, கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வர்ணம் தீட்டி, காலையில் எழுவது, வெந்நீர் குடிப்பது, கிழக்கே பார்த்து மூச்சு இழுப்பது, பாதாம், கண்ணுக்குப் பயிற்சி, நேற்றுப் படித்ததை நினைத்துப் பார்ப்பது, இன்று படிக்கப்போவதை நினைத்துப் பார்ப்பது, மறுபடி பாதாம் என்று நாள் முழுவதையும் மனோகரன் பிரித்து அடுக்கிவிட்டார். அடுக்கி முடித்துப் பார்த்தால் இயற்பியலுக்கு இடம் போதவில்லை. தூக்கத்தில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார்.

அப்புறம் அந்த வீடியோக்கள். வருஷக்கணக்காக என்ஜின் பக்கத்தில் நின்றதில் மனோகரனுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் 'கவனம் சிதறாமல் படிப்பது எப்படி' என்ற வீடியோ, படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு இரண்டடி தூரத்தில், கீழே போகிற கன்டெய்னர் லாரியின் ஹாரனையும் அமுக்கிவிட்டு ஒலிக்கும். "படிக்கிற அறையில் செல்போனே இருக்கக் கூடாது" என்பார் கோட்டுக்காரர். எவ்வளவு சரியான பேச்சு என்று மனோகரன் தலையை ஆட்டுவார். இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டுவார்.

ஞாபக சக்திக்கு வல்லாரைக் கீரை. மூளைக்கு மீன் தலை. "மூளை மூளைன்னு எனக்கு மூளை கலங்கிப்புடும் போல கீது" என்று மங்கம்மா அலுத்துக்கொண்டாள். அவள் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். தடைக்காலத்தில் சின்னப் படகுகள் கொண்டுவருவது மட்டும்தான் கிடைக்கும். மீன் விலை எகிறியிருக்கும். அந்த நேரத்தில் நல்ல தலையாகப் பார்த்து வீட்டுக்கு எடுத்துப்போ என்றால் யாருக்குத்தான் எரியாது?

எல்லாவற்றுக்கும் மேலே, ஒப்பித்தல். இயற்பியல் மனோகரனுக்குத் தெரியாது. அதனால் என்ன, என்ஜின் தெரியுமே! திணறாமல் ஓடினால் நல்ல என்ஜின், நடுவில் இருமினால் கோளாறு. மகள் ஒரு கணக்கை யோசித்து, நிறுத்தி, திருத்திச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். "முட்டுது பாரு, சரியா ஏறல, மொதல்ல இருந்து வா" என்பார். நிற்காமல் சொன்னால் பாஸ். இந்த ரகசியம் ஜோதிகாவுக்குப் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. ஒருநாள் கொசுவத்திப் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்ததை இங்கிலீஷில் மூச்சு விடாமல் சொல்லிப் பார்த்தாள். மனோகரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியா மங்கம்மா? இன்னா ஸ்பீடு!"

ஜோதிகாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மின்னோட்டப் பாடத்தில் ஒரு கணக்கு அவளுக்கு எங்கே தவறுகிறது என்றே தெரியாமல் தவறிக்கொண்டிருந்தது. அதோடு மல்லுக்கட்டத் தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டும். இந்த வீட்டில் பாதாம் கிடைத்தது, அது மட்டும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள், "அம்மா, நானும் உங்கூட மார்க்கெட்டுக்கு வரட்டா?" என்றாள்.

மங்கம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். அதிகம் கேட்கவில்லை. "புக்கை எட்த்துக்கோ. மீன் கூடையில போடாத, நாறும்" என்றாள். மனோகரனிடம், ஐஸ் பெட்டி தூக்க ஆள் இல்லை என்று ஒரு பொய்.

திருவொற்றியூர் மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்து படித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? பேரம் பேசுகிறவர்கள், பேரம் படியாமல் திட்டுகிறவர்கள், காலுக்கடியில் பூனை, தலைக்கு மேலே காக்கை, பக்கத்தில் ஷேர் ஆட்டோ. அத்தனை சத்தத்திலும் ஒரு குரல்கூட ஜோதிகாவைப் பார்த்து 'படி' என்று சொல்லவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால், கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போடுவாள். புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி போடுவாள். தவறினால் ஏன் தவறியது என்று அம்மாவின் முதுகுக்கு விளக்குவாள். மங்கம்மா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே "ம்" என்பாள். அந்த வீட்டில் ஜோதிகாவின் படிப்புக்கு யாராவது உதவி செய்தார்கள் என்றால் அது அந்த "ம்" ஒன்றுதான். அப்படி விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள், பாதிப் பேச்சில், மின்னோட்டக் கணக்கில் தான் எங்கே சறுக்குகிறோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. "அம்மா, வந்துடுச்சுமா!" என்று கத்தினாள். மங்கம்மா, கார்ப்பரேஷன் வண்டிதான் வந்துவிட்டதாக்கும் என்று தராசைத் தூக்கி ஒளித்தாள்.

நல்லது நடக்கிற இடத்தில் ஊர்வாய் சும்மா இருக்குமா? கீழ்வீட்டு ஆண்ட்ரூ, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், மனோகரனிடம் வந்து போட்டுக்கொடுத்தார். "இன்னா மாமு, பொண்ணு பரீட்சை பரீட்சைன்னு சொல்லிகினு இருந்த? அது மார்க்கெட்ல குந்திகினு கீதே!"

மனோகரன் ஓடினார். மகள் மீன் கூடைகளுக்கு நடுவே, சுற்றிலும் நடக்கும் எதுவும் தெரியாமல், பென்சிலைக் கடித்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கோபமென்றால் இரண்டு திட்டோடு முடிந்திருக்கும். அவருக்கு வந்தது உற்சாகம். இடத்தை மாற்றிப் படித்தால் மனதில் பதியும் என்று கோட்டுக்காரர் முந்தாநாள்தான் சொல்லியிருந்தார். டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி வந்து, மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஜோதிகாவின் பென்சில் நின்றது.

"இன்னாம்மா, சங்கராவை இவ்ளோ வெல சொல்ற?" என்று ஒரு பெண் குனிந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் மெதுவா பேசு" என்றார் மனோகரன். "பொண்ணு படிச்சிகினு கீது."

அந்தப் பெண் நிமிர்ந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த கடைக்குப் போய்விட்டாள். மங்கம்மா பல்லைக் கடித்தாள். மனோகரன் அதோடு நின்றாரா? எழுந்து போய் இந்தப் பக்கக் கடையை "உஷ்" என்றார், அந்தப் பக்கக் கடையை "உஷ்" என்றார், ஐஸ் உடைப்பவரிடம் சத்தமில்லாமல் உடைக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து வந்தாள் பதுருன்னிசா. தெருமுனையில் மெஸ் நடத்துகிறவள். அவள் பேரம் பேசினால் எதிர்த் தெருவில் விலை குறையும்.

"யாரைய்யா உஷ்ஷுன்ற? மீன் மார்க்கெட்ல வந்து கத்தாதன்றியே, கடல்ல போயி அலையடிக்காதன்னு சொல்லுவியா?"

"இல்லக்கா, பொண்ணுக்கு எக்ஸாமு..."

"தெர்யும். நாங்க தெனமும் பாத்துகினுதான் கீறோம். நாங்க கத்திகினு கெடந்தோம், அது பாட்டுக்குப் படிச்சிகினு கெடந்துச்சு. நீ வந்து குந்துன, அது நிறுத்திடுச்சு பாரு. எந்திரிப்பா மொதல்ல."

மார்க்கெட்டே சிரித்தது. மனோகரன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார், ஜோதிகாவையும் கூட்டிக்கொண்டார். "இந்த கலீஜு எடத்துல எவன் படிப்பான்?" என்றார் வழி நெடுக. மேசை, அட்டவணை, கோட்டுக்காரர் என்று எல்லாம் பழையபடி ஆரம்பித்தது. ஜோதிகா அன்று சாப்பிடவில்லை. மங்கம்மாவிடம் மட்டும் சமையல்கட்டில் மெதுவாகச் சொன்னாள்: "நைனா கடலுக்குப் போற நாளுக்குத்தாம்மா காத்துகினு கீறேன். அப்பால கொஞ்ச நாள் கெடைக்கும். அது போதும்."

ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்தது. அதன்பின் போகிற முதல் பயணத்துக்காகக் காசிமேடே தவம் கிடக்கும். இரண்டு மாதம் ஓய்வெடுத்த கடலில் மீனுக்குப் பஞ்சமிருக்காது. ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, படகுகளுக்கு மாலை போட்டாகிவிட்டது. குமாரவேல் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்.

மனோகரன் எழுந்து நின்றார். "வேற ஆளைப் பாருண்ணே. எக்ஸாம் முடியுற வரைக்கும் நான் கடலுக்கு வர்ல. எனக்குப் பொண்ணு படிப்புதான் முக்கியம்."

தியாகம்! எந்த மேடையிலும் கைதட்டல் வாங்குகிற வசனம். அந்த வீட்டில் யாரும் தட்டவில்லை. குமாரவேல் மங்கம்மாவைப் பார்த்தார். மங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஜோதிகா பச்சை மேசையிலிருந்து முழங்கையைப் பிய்த்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"நைனா, நீ போ."

"இன்னா கண்ணு சொல்ற?"

"நீ வூட்ல இருந்தா நான் பெயிலு, நைனா."

அவ்வளவுதான் சொன்னாள். திணறாமல், முட்டாமல், ஒரே மூச்சில் சொன்னாள். மனோகரன் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நேரம் அவரைக் கேலி செய்த எனக்கே அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர் பயந்துபோயிருந்தார், வேறொன்றுமில்லை. புயல் வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். வலை அறுந்தால் தெரியும், என்ஜின் நின்றால் தெரியும். மகள் ஒரு பரீட்சைக்குப் போகும்போது அப்பன் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. சும்மா இருப்பதைக் காட்டிலும் கஷ்டமான வேலை அவர் பார்த்ததே இல்லை.

"அப்போ அந்த அட்டவணை?" என்று கேட்டார். குரல் சின்னதாகியிருந்தது.

"வேணாம் நைனா."

"வீடியோ?"

"வேணாம்."

"வல்லாரை?"

ஜோதிகா அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்காத கீரை அது. "அது இருக்கட்டும்" என்றாள்.

மங்கம்மா கணவனின் சட்டையையும் லுங்கியையும் பையில் திணித்துக் கையில் கொடுத்தாள். "ரிப்பேரு பண்ணது போதும்யா. தண்ணில எறக்கிவுடு, அதுவா ஓடும்." அவர் போனார். படகில் ஏறியதிலிருந்து போன்மேல் போன்: கீரை தின்றாயா, கிழக்கே பார்த்து உட்கார்ந்தாயா, பேனா இரண்டாக எடுத்துவைத்தாயா. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் அறுந்தது. கடலில் சிக்னல் இல்லை என்று குறை சொல்கிறவர்கள், பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்பிப் பார்க்காதவர்கள்.

மறுநாள் காலையில் ஜோதிகா புத்தகத்தோடு மார்க்கெட்டுக்குப் போய், கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தாள். பரீட்சைக்கு முதல் நாள் வரை அங்கேதான். பாஸ் செய்தாள். நல்ல மார்க். லேப் டெக்னீசியன் படிப்பில் இடமும் கிடைத்துவிட்டது. அத்தையே தன் வெளுத்த விரல்களால் அவள் வாயில் லட்டை ஊட்டினாள்.

மனோகரன் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த இனத்தில் அந்த வழக்கம் இல்லை. ரிசல்ட் வந்த அன்று வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, ஆண்ட்ரூவுக்கும் மற்ற அப்பாக்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். "மொதல்ல மேசைபா. அடுத்து டைம்டேபிளு. அப்பால கூடவே குந்தணும், அசையக் கூடாது."

"அப்டியா? நெஜமா இன்னா பண்ணீங்க, அக்கா?" என்றார் ஆண்ட்ரூ, மங்கம்மாவிடம். அவருடைய பெண் பத்தாம் வகுப்பு.

"இன்னாத்த பண்ணோம்? இந்தாளை கடலுக்கு அனுப்புனோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மனோகரன்தான் உரக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஆண்ட்ரூவின் தோளில் கை போட்டு, அவர் வீட்டு மேசையைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: இதைப் படித்துக்கொண்டே வரும்போது, நடுவில் எங்கேயாவது, 'புத்தகத்தை மூடிவைத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறாளாம், இன்னொருவருக்கு விளக்கிச் சொல்கிறாளாம், இது நம் பிள்ளைக்குப் பிரயோசனமான விஷயமாயிற்றே' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? பக்கத்து அறையைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டீர்களா? பிள்ளையின் பெயரைச் சொல்லி, "இங்க வா, இதைக் கொஞ்சம் படி" என்று சொல்லப்போகிறீர்களா?

வாயை மூடுங்கள். உள்ளே பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது.